ரத்தம் கம்மியா? எங்கே போச்சுன்னு கேளுங்க!

"டாக்டர், எனக்கு ரத்தம் கம்மியா இருக்காம். ஒரு மாசமா பீட்ரூட் ஜூஸ் குடிக்கறேன், ஒரு பாயிண்ட் கூட ஏறலை. நல்ல செந்தூரமா ஏதாவது கொடுங்கோ!"

மயிலாப்பூர் கச்சேரி ரோடு பக்கத்திலிருந்து வந்த மாமி. வயது அறுபதுக்கு மேல். கையில் நாலு பக்க ரிப்போர்ட். அதில் ஒரே ஒரு வரியை மட்டும் பிள்ளை பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். ஹீமோகுளோபின் 9.1. மற்ற வரிகளை அந்த வீட்டில் யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. வட்டத்துக்குச் சில வரிகள் கீழே இன்னொரு எண் இருந்தது. எம்.சி.வி. 112. அதைப் பார்த்ததுமே மாமி கேட்ட செந்தூரத்தால் வேலை நடக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போதெல்லாம் ரிப்போர்ட் டாக்டருக்கு வருவதற்கு முன்னால் நம் போனுக்கு வந்துவிடுகிறது. தடித்த எழுத்தில் ஒரு எண்ணைப் பார்த்ததும் பாதிப் பேர் பயந்துபோகிறார்கள். மீதிப் பேர் மாதுளம்பழம் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். இன்னும் நாலு வரி சேர்த்துப் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் அந்தப் பிரபலமான எண். ஹீமோகுளோபின் என்பது சிவப்பணுவுக்குள் இருக்கிற, இரும்பு கலந்த புரதம். பிராணவாயுவை நுரையீரலிலிருந்து உடம்பு முழுக்கச் சுமந்துகொண்டு போகிற கூலியாள் இதுதான். நூறு மில்லி ரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராம், பெண்களுக்கு 12 கிராம், கர்ப்பிணிகளுக்கு 11 கிராம் (நடு மூன்று மாதத்தில் மட்டும் 10.5) இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. அதற்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இது இருக்கிறது. 'நாங்க நல்லா சாப்பிடற குடும்பம், எங்களுக்கெல்லாம் வராது' என்று தி.நகரிலும் அடையாறிலும் சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுப் பெண்களும் இந்த 53-ல் இருக்கலாம்.

சித்த மருத்துவத்தில் இதைப் பாண்டு என்றும் வெளுப்பு நோய் என்றும் சொல்வோம். ஏழு உடல் தாதுக்களில் முதலாவது சாரம், இரண்டாவது செந்நீர். உணவின் சாரம் ஒழுங்காக இருந்தால்தான் செந்நீர் ஒழுங்காக இருக்கும் என்று பாளையங்கோட்டைக் கல்லூரியில் எங்களுக்குப் பாடம். அது சரிதான். ஆனால் கதையில் அது பாதிதான்.

உங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை. காரணம் என்னவாக இருக்கலாம்? மோட்டார் சரியாக ஓடவில்லை, அல்லது கிணற்றிலேயே தண்ணீர் இல்லை. இல்லாவிட்டால் எங்கேயோ குழாய் ஒழுகுகிறது. அதுவும் இல்லாவிட்டால் தொட்டியிலேயே விரிசல். ரத்தமும் இப்படித்தான். உற்பத்தி குறையலாம், ஒழுகிப் போகலாம், உடம்புக்குள்ளேயே சிவப்பணு சீக்கிரம் உடைந்து அழியலாம். 9.1 என்ற எண் தொட்டி காலி என்று மட்டும்தான் சொல்லும். எது காரணம் என்று அதற்குத் தெரியாது.

பச்சரிசி தின்ற பெண்

காரணத்தைக் காட்டும் முதல் கைகாட்டி எம்.சி.வி. ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன் அது. 80 முதல் 100 வரை சரியான அளவு. 80-க்குக் கீழே என்றால் அணுக்கள் சிறுத்துவிட்டன. நம் ஊரில் அதற்குப் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவுதான் காரணம்.

தி.நகரிலிருந்து ஒரு தாய் தன் பதினேழு வயதுப் பெண்ணை இழுத்துக்கொண்டு வந்தார். "சார், டப்பாவிலேர்ந்து பச்சரிசியை அள்ளி அள்ளி வாயில போட்டுக்கறா. திட்டினா பாத்ரூமுக்குள்ள போய்த் திங்கறா. இது ஏதாவது மனசு சம்பந்தப்பட்ட வியாதியா?"

பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கீழ் இமையை விலக்கிப் பார்த்தேன், வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. நகங்கள் தட்டையாகி, நடுவில் லேசாகக் குழி விழுந்து கரண்டி மாதிரி. ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 8.4, எம்.சி.வி. 66, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 4. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 15-க்குக் கீழே போனாலே சேமிப்பு காலி என்று அர்த்தம்.

பச்சரிசி, சாக்பீஸ், திருநீறு, செங்கல் பொடி, ஐஸ் கட்டி... இதையெல்லாம் ஆசைப்பட்டுத் தின்பது பல சமயம் இரும்புக் குறைவின் அடையாளம். பெண்ணைத் திட்டிப் பிரயோஜனமில்லை. தனியாக உட்கார வைத்து விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மாதவிலக்கு எட்டு நாள். முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின், கட்டி கட்டியாகப் போக்கு. "எல்லாருக்கும் அப்படித்தான்னு அம்மா சொன்னாங்க." அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், பாவம். அவருக்கும் சோதனை செய்தோம். 9.8.

அந்தப் பெண்ணை மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பி ஒழுக்கைக் கட்டுப்படுத்தச் சொன்னேன், கூடவே இரும்பு மருந்து. பச்சரிசி ஆசை மூன்றே வாரத்தில் போய்விட்டது. ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்னாலேயே இந்த ஆசை அடங்கிவிடும். இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். 'களைப்பு போயிடுச்சு' என்று மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். எண் 12-ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும்.

எம்.சி.வி. சிறுத்திருக்கும், ஆனால் சிவப்பணு எண்ணிக்கை மட்டும் குறையாமல், ஐம்பது லட்சத்துக்கும் மேலே நிற்கும். இப்படி இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். பரம்பரையாக வரும் தலசீமியா சுமையாளராக இருக்கலாம். சிந்தி, பஞ்சாபி, குஜராத்திக் குடும்பங்களில் அதிகம், தமிழர்களிடமும் உண்டு. இரும்புக் குறைவும் சேர்ந்து இருந்தாலொழிய இவர்களுக்கு இரும்பு கொடுத்து ஒரு லாபமும் இல்லை. ஆனால் கல்யாணம் நிச்சயிக்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பேருமே சுமையாளர் என்றால் குழந்தைக்குக் கடுமையான நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஜாதகத்தோடு இந்த ஒரு சோதனையையும் பார்த்தால் நல்லது.

கோஷா ஆஸ்பத்திரியில் நடந்தது

இனி மாமியின் 112. அணுக்கள் பெருத்துவிட்டன என்று அர்த்தம். இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது, அதில் நம் ஊருக்கும் பங்குண்டு.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் கடுமையான ரத்தசோகையால் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுடைய சிவப்பணுக்கள் சிறுக்கவில்லை, பெருத்திருந்தன. எதனால் இப்படி என்று தேடிக்கொண்டு குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஆராய்ச்சி செய்தார். பிறகு 1931-ல் சென்னை வந்து திருவல்லிக்கேணியில், இன்றும் பலர் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று சொல்கிற மருத்துவமனையில் வேலை பார்த்தார். இன்றைய அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அது. இந்தப் பெண்களைக் குணப்படுத்தியது எது தெரியுமா? ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிற மார்மைட்! ஈஸ்ட்டிலிருந்து எடுக்கிற கறுப்புப் பசை. அதற்குள் என்ன இருந்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1941-ல் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். இன்று எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எழுதித் தரும் அந்தச் சின்ன மாத்திரைக்குப் பின்னால் திருவல்லிக்கேணி வார்டும் இருக்கிறது.

அணு பெருப்பதற்கு ஃபோலிக் அமிலக் குறைவு ஒரு காரணம். இன்னொரு முக்கியமான காரணம் வைட்டமின் பி12 குறைவு. தைராய்டு, கல்லீரல் கோளாறு, மதுப்பழக்கம் இவையும் உண்டு. பி12 செடி கொடிகளில் கிடையாது. மீன், முட்டை, மாமிசம், பால், தயிர் இவற்றில்தான் இருக்கிறது. சுத்த சைவக் குடும்பம், தயிரையும் தண்ணீராக்கி மோராகக் குடிக்கிறவர்கள் என்றால் மெள்ள மெள்ளக் குறையும். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் தெரிய வருஷக்கணக்கில் ஆகும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும், அசிடிட்டி மாத்திரையைப் பல வருஷமாக விடாமல் போடுகிறவர்களுக்கும் இன்னும் சீக்கிரம் குறையும்.

மாமியைக் கேட்டேன். "காலில் எரிச்சல் உண்டா?"

"ஆமாம், உள்ளங்காலெல்லாம் திகுதிகுன்னு எரியறது. செருப்பு கழண்டு போனாக்கூடத் தெரியறதில்லை. சுகர் இருக்கோல்லியோ, அதனாலேன்னு நினைச்சுண்டேன்."

நாக்கை நீட்டச் சொன்னேன். மேடு பள்ளமில்லாமல் வழவழவென்று சிவந்திருந்தது. பி12 சோதனையில் 118 வந்தது. 200-க்குக் கீழே போனால் குறைவு. இதில் ஒரு ஆபத்து உண்டு. பி12 குறைந்தவருக்கு வெறும் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தம் ஏறிவிடும், ரிப்போர்ட் அழகாகிவிடும். ஆனால் நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். பி12-க்கு ஈடாக என் மருந்துப் பெட்டியில் ஒன்றும் கிடையாது. சொல்ல வெட்கமில்லை. ஊசி போட்டுக்கொள்ள பொது மருத்துவரிடம் அனுப்பினேன். பத்து வாரத்தில் ஹீமோகுளோபின் 12.2. கால் எரிச்சல் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. இன்னும் ஒரு வருஷம் முந்தி வந்திருந்தால் போயிருக்கலாம்.

நான் செய்த தவறு

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் நாலு பேர் ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

2003. மந்தைவெளியில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். வயது 64. மயிலாப்பூர் பறக்கும் ரயில் நிலையத்தில் படியேறும்போது மூச்சு வாங்குகிறது என்று வந்தார். ஹீமோகுளோபின் 8.6, எம்.சி.வி. 71. இரும்புக் குறைவு என்பதில் சந்தேகமில்லை. அன்னபேதிச் செந்தூரமும் கரிசலாங்கண்ணியும் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் 10.4 வந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். "சார், மலம் கறுப்பாப் போகுதே?" என்று ஒரு நாள் கேட்டார். "அது மருந்தோட நிறம் சார், பயப்படாதீங்க" என்றேன்.

இரும்பு சாப்பிட்டால் மலம் கறுப்பது உண்மைதான். ஆனால் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் மலமும் ஒன்று. நோயாளி தானாக வந்து அதைச் சொன்னபோது, நான் தேர்வு செய்யாமல் பதிலை மட்டும் சொன்னேன். மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது மாதம் 7.8-க்கு இறங்கியது. எடையும் நாலு கிலோ போய்விட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடல் நோய் நிபுணரிடம் அனுப்பினேன். பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்தில் புற்றுநோய். அங்கே கட்டி வந்தால் வலி தெரியாது, சிவப்பாக ரத்தமும் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல ரத்தம் ஒரு மில்லியில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாதாரணச் சாப்பாட்டிலிருந்து நாம் ஒரு நாளில் உறிஞ்சிக்கொள்வது ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம். தினமும் ஒரு டீஸ்பூன் ரத்தம் கசிந்தாலே வரவை விடச் செலவு அதிகம். நான் மோட்டாரை வேகமாக ஓட்டி ஒழுகுகிற தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தேன். அதனால்தான் முதலில் ஏறியது.

அறுவை சிகிச்சை செய்தார்கள். இரண்டரை வருஷம் இருந்தார். ஒரு நாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. அவர் காலமான பிறகு அவர் மனைவி ஒரே ஒரு தடவை கேட்டார். "ரத்தம் ஏறிச்சே சார், அப்ப வியாதி குறையுதுன்னுதானே நாம நினைச்சோம்?" அந்த 'நாம' இன்னும் காதில் இருக்கிறது.

ஆண்களுக்கு எந்த வயதிலும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைவு இருந்தால் இரைப்பையையும் குடலையும் பரிசோதிக்காமல் விடக்கூடாது. எனக்கு அன்றிலிருந்து இதுதான் விதி. மூட்டுவலி மாத்திரையும் இதய நோய்க்கான ஆஸ்பிரினும் சாப்பிடுகிறவர்களுக்குப் புண்ணாகிக் கசியலாம். மூலம் இருந்தாலும், 'மூலத்தால்தான்' என்று சோதித்துப் பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது. மலம் தார் மாதிரி கறுத்து, பிசுபிசுவென்று, சகிக்க முடியாத நாற்றத்தோடு போனால் அது அவசரம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தடித்த எழுத்தைக் கண்டு பயமா?

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 'மாஸ்டர் செக்கப்' என்று முப்பது நாற்பது சோதனை செய்துகொண்டு, இரண்டு எண் தடித்த எழுத்தில் வந்ததால் ராத்திரி தூங்காதவர்கள். லேபின் 'நார்மல்' எப்படி வந்தது? பெரும்பாலான சோதனைகளில் ஆரோக்கியமானவர்கள் நூறு பேரில் 95 பேருடைய அளவு எதற்குள் அடங்குகிறதோ அதுதான் நார்மல். அப்படியென்றால் ஒவ்வொரு சோதனையிலும் ஆரோக்கியமான ஐந்து பேர் வெளியே நிற்பார்கள். இருபது சோதனை செய்தால் எந்த வியாதியும் இல்லாதவருக்கும் ஒன்றாவது தடித்த எழுத்தில் வருவது சகஜம். எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது, போன வருஷம் எவ்வளவு இருந்தது, உடம்பு என்ன சொல்கிறது என்று மூன்றையும் பார்க்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டைப் பழைய பேப்பரோடு போடாதீர்கள்.

இ.எஸ்.ஆர். அப்படித்தான். வயது ஏற ஏற அதுவும் ஏறும். ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி என்று தோராயக் கணக்கு உண்டு. எழுபது வயதுப் பாட்டிக்கு 38 இருந்தால் டி.பி. என்று கலங்க வேண்டாம். ஈசினோஃபில் ஏறியிருந்தால் பெரும்பாலும் அலர்ஜி அல்லது வயிற்றுப் பூச்சி. இரும்புக் குறைவு இருந்தால் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி என்கிற எச்.பி.ஏ.1.சி. கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். இது பல சர்க்கரை நோயாளிகளுக்குத் தெரியாது.

தட்டணு, அதாவது பிளேட்லெட், ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை சரி. மழைக்காலம் வந்தால் டெங்கு பயத்தில் தினமும் இதை எண்ணிக்கொண்டிருக்கிறோம். காய்ச்சலே இல்லாத ஒருவருக்குத் திடீரென்று 40,000 என்று வந்தால் முதலில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் எடுக்கிற குழாயில் உள்ள மருந்தால் சிலருக்குத் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு, மிஷின் அவற்றை எண்ணாமல் விட்டுவிடும். கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். டெங்குவிலும் எண்ணிக்கை மட்டும் எமன் இல்லை. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாவதுதான் ஆபத்து. பி.சி.வி. என்ற எண் ஏறுவதில் அது தெரியும். காய்ச்சல் விட்ட பிறகுதான் அது பெரும்பாலும் நடக்கும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், மயக்கம், சிறுநீர் குறைவது, இவை வந்தால் நிலவேம்புக் குடிநீரையும் பப்பாளி இலைச் சாற்றையும் நம்பி வீட்டில் இருக்காதீர்கள். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்.

வெள்ளையணு 4,000-லிருந்து 11,000 வரை. சளி பிடித்தாலே 13,000 ஆகும். 'அடையாறு' என்ற பேரைக் கேட்டாலே நடுங்குகிறவர்கள் நம்மில் அதிகம். 1954-லிருந்து அங்கே இருக்கிற புற்றுநோய் மருத்துவமனையால் வந்த நடுக்கம் அது. ஒரு எண் ஏறியதற்காக அந்த நினைப்பு வேண்டாம். வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், அடிபடாமலே நீலநீலமாகக் கன்றுவது, கழுத்திலோ அக்குளிலோ கட்டி, கூடவே சிவப்பணு, தட்டணு இரண்டும் குறைவது என்று சேர்ந்து வந்தால்தான் தாமதிக்காமல் போக வேண்டும்.

பீட்ரூட்டும் காபியும்

பீட்ரூட்டின் சிவப்பு அதன் சாயம். அது ரத்தமாகாது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், கொண்டைக்கடலை, பேரீச்சை நல்லது. ஆனால் தாவர இரும்பு சுலபத்தில் உடம்பில் சேராது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் சேரும். கீரைச் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள நெல்லிக்காய்ப் பச்சடி வைத்தவர்கள் விவரமானவர்கள்.

அன்னபேதி என்பது வேதியியலில் இரும்பு சல்பேட். ஆங்கில மருத்துவ மாத்திரைக்கு அது சொந்தக்காரன்தான். அதனால் இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடக்கூடாது. மருத்துவரைக் கேட்காமல், பேரும் லைசென்ஸ் எண்ணும் இல்லாத பொட்டலச் செந்தூரம் வாங்கக்கூடாது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இரும்பு மாத்திரையை எட்டாத உயரத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துக் கைநிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

மாமி கடைசியாக வந்தபோது வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"டாக்டர், எல்லாம் சொன்னேள். காபியை விடணுமா?"

விட வேண்டாம். காபியும் டீயும் இரும்பு சேர்வதைக் குறைக்கும். இரும்பு மருந்தோடும் சாப்பாட்டோடும் சேர்த்துக் குடிக்காமல், முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்றேன்.

"ஒரு மணி நேரமா!" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.